வண்டியின் வயது அடியில் தெரியும்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. பாம்பனிலிருந்து தொண்டி வரை கேட்பது ஒன்றுதான்: பழைய காரைச் சரிசெய்து ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா?

கேள்வி: 2012 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மெக்கானிக் தந்த எஸ்டிமேட்: கிளட்ச் 11,000, ஏ.சி. கண்டென்சரும் கேஸும் 9,500, சைலன்ஸர் 6,000, முன்பக்க சஸ்பென்ஷன் 13,500, டிங்கரிங்–பெயின்ட் 8,000. மொத்தம் 48,000 ரூபாய். இருக்கிற நிலையிலேயே கொடுத்தால் 1,40,000 தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். செலவழிக்கலாமா, விற்றுவிடலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: எஸ்டிமேட்டை மடித்து வையுங்கள். அதில் எழுதாத ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மதுரையில் நிற்கிற கார் என்ஜின் தேய்ந்து ஓய்கிறது. பாம்பனில் நிற்கிற கார், என்ஜின் நன்றாக இருக்கும்போதே தகடு போய் ஓய்கிறது. உலோக அரிப்பைச் சோதிக்க காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் களம் வைத்திருப்பது சும்மா இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலேயே இழுக்கும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் உங்கள் வண்டியின் அடித்தகடு இரவெல்லாம் ஈரமாகவே இருக்கிறது.

வண்டியைக் குழி உள்ள ஒர்க்‌ஷாப்பிலோ லிஃப்ட் உள்ள இடத்திலோ ஏற்றச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஒரு டார்ச், கனமான ஸ்க்ரூடிரைவர், இரண்டும் போதும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று கேட்கும். உள்ளே அரித்தது ‘டொப்’ என்று அடங்கும். சந்தேகப்பட்ட இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். செதில் உதிர்ந்து கீழே வெள்ளைத் தகடு தெரிந்தால் மேல்துரு. முனை உள்ளே இறங்கினால் தகடு முடிந்தது.

பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் அடித்தையல், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஆக்ஸில் பாடியோடு சேரும் பிராக்கெட், பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் தெரிகிற சஸ்பென்ஷன் டவர் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடம்), பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள சேஸ் லெக் (என்ஜினைத் தாங்கி முன்னே நீளும் சட்டம்), பெட்ரோல் டேங்குக்கு மேலே மறைந்து ஓடும் பிரேக் பைப். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஸ்பாட் வெல்டிங் ஆன தையல்களில்தான் உப்புத் தண்ணீர் புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். துரு பிறப்பதும் அங்கேதான். வெளியே தெரியும்போது உள்ளே பல நாள் வேலை நடந்திருக்கும். கார்பெட்டைத் தூக்கி ஃபுளோரைக் காலால் அழுத்தியும் பாருங்கள். டிக்கியில் ஐஸ் பெட்டி வைத்து மீன் கொண்டுபோகிற பழக்கம் உண்டென்றால் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தை முதலில் பாருங்கள். மீனின் உப்போடு ஐஸ் உருகிய தண்ணீர் அங்கே தேங்கித் தகட்டை அரிக்கும்.

இனி முடிவு. போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியது எது அரித்திருந்தாலும் கவலை வேண்டாம். சைலன்ஸர், லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை), டேங்க் பட்டை, பிரேக் பைப் எல்லாம் இந்த வகை. பிரேக் பைப் மட்டும் அன்றைக்கே மாற்ற வேண்டியது. பாடியோடு வெல்டிங் ஆன பாகம் ஓட்டையாகியிருந்தால் கணக்கே வேறு. ரன்னிங் போர்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து, சி.ஓ.2 வெல்டிங்கில் சேர்க்கலாம். துருப்பிடித்த தகட்டின்மேலே ஒட்டுப் போட்டு பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஒட்டுக்கு அடியில் உள்ள துரு தன் போக்கில் தின்றுகொண்டே இருக்கும். ஆர்க் வெல்டிங்கும் இந்த மெல்லிய தகட்டுக்கு ஆகாது, பொத்தல் விழும். சஸ்பென்ஷன் டவர், சேஸ் லெக், பின் ஆக்ஸில் பிராக்கெட் – இந்த மூன்றில் ஒன்று ஓட்டையானாலும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்த வண்டியை இன்னொருவர் ஓட்டவும் விற்கக் கூடாது. பார்ட்ஸுக்கோ உடைப்புக்கோ கொடுங்கள்.

அடி நன்றாக இருந்தால் எங்கள் ஓட்டு ரிப்பேருக்கே. 8,000 ரூபாய் பெயின்டை நிறுத்துங்கள், மீதி 40,000. இன்று 1,40,000 போகிற வண்டி மூன்று வருடம் கழித்து 80,000-க்குப் போகிறது என்று வையுங்கள், இறக்கம் 60,000. ரிப்பேரோடு சேர்த்து ஒரு லட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 2,800. இதை விற்றுவிட்டு நான்கு லட்சத்துக்கு ஒரு பழைய வண்டி வாங்கி, மூன்று வருடத்தில் அது இரண்டரை லட்சத்துக்கு இறங்கினால் இழப்பு ஒன்றரை லட்சம். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் வித்தியாசம், வாங்கியதும் செய்கிற சர்வீஸ், டயர் என்று 25,000 சேர்த்தால் மாதம் 4,900-ஐ நெருங்கும். அந்த வண்டியின் அடியும் உங்களுக்குத் தெரியாது. 2012 வண்டிக்கு 2027-ல் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டிவரும், அந்தச் செலவைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது.

ரன்னிங் போர்டு வெல்டிங் மட்டும் தேவையென்றால் அதற்கும் எஸ்டிமேட் வாங்கி 40,000-த்தோடு கூட்டுங்கள். 70,000-ஐத் தாண்டினால், அதாவது வண்டி விலையில் பாதியைத் தொட்டால், விற்பதுதான் சரி. வியாபாரி 1,40,000 சொன்னது அடியைப் பார்த்தா பார்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தின் டி.என். 65 நம்பர் பிளேட்டைக் கண்டதும் குனிந்து பார்க்காத வியாபாரி குறைவு.

ரிப்பேர் என்றால் சஸ்பென்ஷனும் கிளட்சும் முதலில், ஏ.சி. கடைசியில். கிளட்சுக்காக கியர்பாக்ஸை இறக்கும்போதே ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கியர் ஆயில் மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு அந்த சீல் ஒழுகினால் முழுக்கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். லோயர் ஆர்மில் புஷ் மட்டும் அடித்துத் தருகிறேன் என்றால், ஆர்ம் துருவேறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு சம்மதியுங்கள்.

கேள்வி: கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஏழு வருடமான டீசல் கார், 38,000 கி.மீ.தான். வருடத்தில் பத்து மாதம் வீட்டு வாசலில் நிற்கிறது. போன வாரம் எடுக்கப் பார்த்தால் பேட்டரி இல்லை, சக்கரம் நகரவில்லை. குறைவாக ஓடிய வண்டி என்பதால் விற்க மனசு வரவில்லை.
– வாசகி, கீழக்கரை

பதில்: கடற்கரையில் குறைந்த கி.மீ. என்பது பெருமை இல்லை, சகோதரி. ஓடுகிற வண்டியில் சூடு இருக்கிறது, ஈரம் காய்கிறது. நிற்கிற வண்டியில் உப்பு மட்டும் வேலை செய்கிறது.

சக்கரம் நகராததற்குக் காரணம் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக். இழுத்தபடி மாதக்கணக்கில் நின்றதால் பின் டிரம்மோடு பிரேக் ஷூ துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், லைனிங் பிய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விடும். பிறகு டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை, கீழே உள்ள திருகைத் தளர்த்தி வடித்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். அது இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பெரிது. டயர்ப் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ஆறேழு வருடமாகி வெடிப்பு விட்ட டயரில் ஈ.சி.ஆரில் வேகம் போகக் கூடாது. என்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் கி.மீ. பார்க்காமல் மாற்ற வேண்டியவை. பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைத்துக்கொள்வதென்றால், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது 20 கி.மீ. ஓட்டியே ஆக வேண்டும். வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பேட்டரி ஏறாது, சைலன்ஸருக்குள் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

ஓட்ட ஆளில்லை என்றால் விற்பதே புத்தி. கணவர் விடுமுறைக்கு வருகிற மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் உள்ளவர் கையெழுத்து வேண்டும். அவசரம் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே பதில்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு ஒரு தரகர் மூலம் காரை விற்றேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டேன். இப்போது என் மொபைலுக்கு அபராதச் செலான் வருகிறது.
– வாசகர், மண்டபம்

பதில்: செலான் சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்து, இன்ஷூரன்ஸும் இல்லை என்றால் நஷ்டஈட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கை எத்தனை மாறினாலும் அதுதான் நிலை.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். தாமதமானாலும் பரவாயில்லை, இன்றே எழுதுங்கள்: வண்டி எண், விற்ற தேதி, நேரம், வாங்கியவர் பெயர், முகவரி, பணம் வந்த வங்கி விவரம். விற்பனை ரசீதின் நகலை இணைத்து ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதே கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தரகருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் முடிந்திருந்தால், வண்டி இருக்கும் இடம் தேடிப் போய்ப் பெயர் மாற்றத்தை நீங்களே கூட நின்று முடிப்பது மலிவு.

விற்கப்போகிற மற்றவர்களுக்கு இன்னொன்று: நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உங்களுடையது. கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டியின் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் கிளெய்மே இல்லையென்றால் அது 50 சதவீதம்.

கேள்வி: 15 வருடமானால் காரை உடைத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: இல்லை. பழைய வண்டிகள் ஓடக் கூடாது என்று டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவையும், 2023 ஏப்ரல் முதல் 15 வருடமான அரசு வாகனங்களுக்குப் பதிவு புதுப்பிப்பதில்லை என்ற விதியையும் ஒன்றாகக் குழப்பிப் பரவிய பேச்சு இது. தமிழ்நாட்டில் தனியார் காருக்குப் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மத்திய விதிப்படி கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

ஓடாத வண்டியை உடைப்பதானால் பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்தால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

கேள்வி: 2013 பெட்ரோல் கார். சூடு ஏறுகிறது. ‘ஃபுல் என்ஜின் ஒர்க்’ என்று 65,000 கேட்கிறார்கள். அந்தக் காசைப் போடுவதா, விற்பதா?
– வாசகர், தொண்டி

பதில்: சூடு ஏறுகிற எல்லா வண்டிக்கும் என்ஜின் ஒர்க் தேவையில்லை. ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் என்றால் காரணம் பாதி கிடைத்துவிட்டது. உவர் நீர் அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு படிந்து மெல்லிய குழாய்களை அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான் அங்கே போக வேண்டியது.

முதலில் சில்லறை வேலைகளைப் பாருங்கள்: ரேடியேட்டர் மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட், ஃபேன் ஓடுகிறதா, வாட்டர் பம்ப் கசிவு, முன்னால் உப்பும் மண்ணும் அடைத்த ஃபின்கள். இவை சரியென்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். என்ஜின் சூடாக, பிளக் எல்லாம் கழற்றி, பெட்ரோல் சப்ளையை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரில் ஐந்தாறு சுற்று. பல பெட்ரோல் என்ஜின்களில் 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரும். அளவைவிட முக்கியம் சமம்: ஒன்றுக்கொன்று 10–15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

கேஸ்கெட் மட்டும் என்றால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்த்துப் போடும் வேலை. போரிங், பிஸ்டன் எதுவும் வேண்டாம். எஸ்டிமேட் பெரிதும் குறையும். எல்லா சிலிண்டரும் இறங்கி, நீலப் புகையும் வந்து, 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது என்றால்தான் 65,000 பேச்சு. அப்போதும் பாம்பன் வாசகருக்குச் சொன்ன ஸ்க்ரூடிரைவர் சோதனைக்குப் பிறகே. புது என்ஜினை ஓட்டைத் தகட்டில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: விற்பதற்கு முன் பெயின்ட் அடித்தால் விலை கூடுமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: விலை கூடாது. புதுப் பெயின்டைப் பார்த்தால் ‘எங்கே அடிபட்டது, எங்கே பட்டி பூசியிருக்கிறது’ என்றுதான் வாங்குபவர் தேடுவார். உள்ளே சுத்தம், எரிகிற எல்லா பல்பும், நல்ல பேட்டரி, சர்வீஸ் பில்கள் – இவ்வளவே செய்யுங்கள்.

கேள்வி: 11 வருட வண்டியை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அடியில் ரப்பர் கோட்டிங் அடித்தால் துரு நிற்குமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: துருவின் மேலே அடித்தால் நிற்காது, மறையும். கறுப்புத் தோலுக்குக் கீழே உப்பும் ஈரமும் சிறைப்பட்டு வேகம் கூடும். வரிசை இதுதான்: வயர் பிரஷ்ஷால் செதில் எல்லாம் எடுத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவம்) பூசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் பிறகே கோட்டிங். சைலன்ஸர், பிரேக் டிஸ்க், ஆக்ஸில் பூட், ரப்பர் புஷ் மேல் படக் கூடாது. கதவு, ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளைக் கோட்டிங் அடைத்துவிட்டதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். ரன்னிங் போர்டின் உட்புறத்துக்கு ரப்பர் அல்ல, மெழுகு; ரப்பர் மூடியைக் கழற்றி நீளக் குழாய் வைத்து கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். வருடா வருடம், வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன் புரட்டாசியில் செய்தால் நல்லது.

வாரம் ஒருமுறை அடியைக் கழுவுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய்வந்தால் அன்றே. குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் வேண்டும். உவர் போர் தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவையுங்கள், வெள்ளை வட்டம் தடிப்பாகத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. குடம் குடமாக வீணாக்கவும் வேண்டாம்: வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்கி, வீல் ஆர்ச்சுக்குள்ளும் ரன்னிங் போர்டின் தையலிலும் அடித்தால் ஒரு டேங்க் தண்ணீரில் ஒரு கார் முடியும்.